தடியன் தந்த நாலு தையல்

போன வாரம் படிக்காமல் விட்டவர்களுக்கு நாலு வரியில் சொல்லிவிடுகிறேன். படித்தவர்கள் அதற்குள் ஒரு வாய் காபி குடித்துவிட்டு வாருங்கள்.

எங்கள் வீட்டில் நான், என் வீட்டுக்காரர், என் மாமனார் என்று மூன்று பேர். நாலாவது ஆள் தடியன். எடை நாற்பத்திரண்டு கிலோ. மூன்று மாதத்துக்கு முன் நாய்க் காப்பகத்திலிருந்து நான்தான் அவனைக் கூட்டிவந்தேன். கூட்டிவந்தேன் என்பது சும்மா பேச்சுக்கு. அவன் முன்னால் போனான், வாரைப் பிடித்துக்கொண்டு நான் பின்னால் ஓடினேன். அன்றைக்குப் பிடித்துக்கொண்ட என் வலது தோள் இன்னும் சரியாகவில்லை.

தடியன் கெட்டவன் இல்லை. ஹெல்மெட் போட்டவர்களைப் பிடிக்காது. குடை விரித்தால் பிடிக்காது. சாப்பிடும்போது யார் பக்கத்தில் வந்தாலும் சுத்தமாகப் பிடிக்காது. மற்ற நேரமெல்லாம் பச்சைக் குழந்தை. வெளியே போகும்போது வாய்க்கூடு மாட்டுவோம். அதைக் கையில் எடுத்தாலே தானாக வந்து மூக்கை உள்ளே நுழைத்துக்கொண்டு நிற்பான். எதிரே வருகிறவர்களுக்கு அதெல்லாம் எங்கே தெரிகிறது? எங்களைக் கண்டதும் தெருவைத் தாண்டி அந்தப் பக்கம் போய்விடுவார்கள்.

போன செவ்வாய்க்கிழமை சாயங்காலம் வீட்டில் மாமனார் மட்டும்தான் இருந்தார். தடியனுக்குத் தட்டு வைத்ததும் அவர்தான். வைத்துவிட்டு, பக்கத்தில் துணி துவைக்கிற மெஷினுக்கு அடியில் கிடந்த தன் செருப்பை எடுக்கக் குனிந்திருக்கிறார். முழங்கைக்குக் கீழே நாலு தையல்.

ஆஸ்பத்திரியில் தையல் போடும்போதுகூட அவர் முகம் சுளிக்கவில்லை. வேறு ஒன்றைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னார்.

"கடிச்சதுகூடப் பெருசு இல்லம்மா. தினமும் மத்தியானம் என் கால்மேல தலை வெச்சுத்தான் தூங்குறான். ஒரு சத்தம் கொடுத்திருக்கலாம்ல? சத்தமே போடாம கடிச்சுட்டான்."

அதையே எழுதியும் கொடுத்துவிட்டார். தத்துக் கொடுக்கும்போதே காப்பகத்தில் எங்களிடம் கையெழுத்து வாங்கியிருந்தார்கள். கடித்தால் அவர்களுக்குத் தெரிவிக்க வேண்டும், கடிபட்டவர் வாக்குமூலம் எழுதித் தர வேண்டும். அதில் ஒரு கேள்வி: கடிக்கும் முன் நாய் எச்சரித்ததா? மாமனார் "இல்லை" என்று எழுதி, அடியில் ஒரு கோடும் இழுத்திருந்தார்.

அந்த "இல்லை"க்கு என்ன அர்த்தம் என்று எனக்கும் என் வீட்டுக்காரருக்கும்தான் தெரியும். தடியனை ஏற்கெனவே ஒரு வீடு திருப்பி அனுப்பியிருக்கிறது. எச்சரித்துவிட்டுக் கடிக்கிற நாயோடு குடும்பம் நடத்தலாம் என்பது காப்பகத்தின் கணக்கு. எச்சரிக்காமல் கடிக்கும் நாய் என்று முடிவாகிவிட்டால் மூன்றாவது வீடு கிடையாது. ஊசிதான்.

மாமனாரிடம் இதை நான் சொல்லவில்லை. கையில் கட்டோடு உட்கார்ந்திருப்பவரிடம் போய், கடித்தவனுக்காகக் கெஞ்ச எனக்கு வாய் வரவில்லை.

இது வெள்ளிக்கிழமை. பன்னிரண்டு மணிக்குக் காப்பகத்திலிருந்து ஆள் வரப்போகிறார்கள்.

*

காலையில் அரை நாள் கடைக்குப் போனேன். நான் வேலை செய்வது கண்ணாடிக் கடையில். வருகிறவர்களை நாற்காலியில் உட்காரவைத்து, ஒரு கண்ணை மூடச் சொல்லி, எதிர்ச் சுவரில் இருக்கும் எழுத்துகளைப் படிக்கச் சொல்வது என் வேலை.

அன்றைக்கென்று பார்த்து ஒரு லாரி டிரைவர் வந்தார். கடைசி வரி வரைக்கும் கடகடவென்று ஒப்பித்தார். எனக்குச் சந்தேகம். பொத்தானை அழுத்தி வேறு எழுத்துகளுக்கு மாற்றினேன். மனிதர் அசரவில்லை. பழைய எழுத்துகளையே மறுபடி கடகடவென்று ஒப்பித்தார்.

"அண்ணே, எழுத்தை மாத்திட்டேன்" என்றேன்.

"அப்படியா? மாத்தினதைச் சொல்ல வேண்டாமா?" என்று என்மேலேயே எரிந்து விழுந்தார்.

மாதத்துக்கு இப்படி ரெண்டு பேராவது வருவார்கள். லைசென்ஸ் போய்விடும் என்ற பயம். வெளியே காத்திருக்கும்போதே எழுத்துகளை மனப்பாடம் செய்துவிடுவார்கள். ஆளைப் பார்த்தாலே எனக்குத் தெரிந்துவிடும் என்று கடையில் நான் பீற்றிக்கொள்வது வழக்கம்.

பதினொன்றரைக்குக் கிளம்பினேன். வழியில் என் வீட்டுக்காரருக்குப் போன் போட்டேன்.

"என்னங்க, வந்துடுவீங்கல்ல?"

"கிளம்பிட்டேன்மா. ஒரு லிஃப்ட்ல ரெண்டு பேர் மாட்டிக்கிட்டாங்க, நாலுக்கும் அஞ்சுக்கும் நடுவுல. இதோ, அவங்களை இறக்கி விட்டுட்டு..."

இவர் லிஃப்ட் மெக்கானிக். ஊரில் சிக்கிக்கொண்டவர்களை எல்லாம் பத்திரமாக இறக்கிவிடுவார். வீட்டில் சிக்கல் என்றால் மட்டும் நடுமாடியில் நின்றுவிடுவார். கல்யாணமான நாளிலிருந்து இதே கதைதான்.

*

வீட்டுக்குள் நுழைந்தால் மாமனார் பளிச்சென்று சவரம் செய்து, தேய்த்த சட்டை போட்டு, ஹாலில் உட்கார்ந்திருந்தார். அவர் ஸ்கூல் வேன் ஓட்டுகிறார். பதினாலு பிள்ளைகள். காலை ட்ரிப்பை முடித்துவிட்டு வந்தால் மறுபடி மூன்று மணிக்குக் கிளம்ப வேண்டும். கையில் தையல் இருந்தும் ஒரு நாள்கூட லீவு போடவில்லை.

தடியன் அவர் நாற்காலியிலிருந்து நாலடி தள்ளிப் படுத்திருந்தான். செவ்வாய்க்கிழமைக்குப் பிறகு அவர் அவனைக் கால்பக்கம் விடுவதில்லை. கிட்டே வந்தால் காலை இழுத்துக்கொள்வார். அவனும் விடாமல் நாலடி தள்ளி வந்து படுத்து, அவரையே பார்த்துக்கொண்டிருப்பான். இரண்டு பேரையும் பார்க்க எனக்குச் சகிக்கவில்லை.

"மாமா, அவங்க வர்ற நேரம்..." என்று சமையலறையிலிருந்து ஆரம்பித்தேன். பதில் இல்லை. என் தப்புதான். எங்கள் வீட்டில் ஒரு சட்டம் உண்டு. மாமனாரிடம் பேசுவதென்றால் எதிரே வந்து, முகத்தைப் பார்த்துத்தான் பேச வேண்டும். அடுத்த அறையிலிருந்து குரல் கொடுப்பது, போகிற போக்கில் பேசுவது, முதுகுக்குப் பின்னால் கேள்வி கேட்பது எதுவும் ஆகாது. "மனுஷன்கிட்ட பேசுறதுன்னா முகத்தைப் பார்த்துப் பேசணும்" என்பார். கட்டுப்பாடான மனிதர் என்று நாங்களும் தலையாட்டிவிட்டோம். என் வீட்டுக்காரர் அடுத்தவர் முகத்தைப் பார்த்துப் பேசப் பழகியதே இதனால்தான்.

கையைத் துடைத்துக்கொண்டு அவர் எதிரே போய் நின்றேன்.

"மாமா, அவங்க கேட்டா அதையேதான் சொல்லப் போறீங்களா?"

"நடந்ததைத்தானே சொல்ல முடியும்? எனக்கென்ன அவன்மேல விரோதமா?" என்றார். குரல் கொஞ்சம் உடைந்தது. "போகட்டும்மா. வேற நல்ல வீடாப் பார்த்து விடட்டும். திடீர்னு கடிக்கிறவனை வெச்சுக்கிட்டு நாளைக்கு இந்த வீட்ல ஒரு பேரப்பிள்ளை வந்தா என்ன பண்றது?"

வேறு வீடா? அப்போதே சொல்லியிருக்கலாம். அதற்குள் மணி அடித்துவிட்டது.

*

காப்பகத்து மேடம் உயரமான ஆள். கனமான பூட்ஸ், குட்டையாக வெட்டிய முடி, கையில் ஒரு கோப்பு. சிரிப்பு என்பதே கிடையாது. பையிலிருந்து ஒரு நீளக் கழியை எடுத்தார். அதன் நுனியில் ரப்பரில் செய்த ஒரு கை. மனிதக் கை மாதிரியே ஐந்து விரல், நகம் வேறு.

"நாய் சாப்பிடும்போது இந்தக் கையைப் பக்கத்துல கொண்டுபோவேன். என்ன பண்றான்னு பார்க்கணும். கடிச்சா இதைக் கடிக்கட்டும்" என்றார்.

தடியனைச் சுவர்க் கொக்கியில் கட்டினோம். நான் வாரை வேறு இரண்டு சுற்றுச் சுற்றிக் கையில் பிடித்துக்கொண்டேன். மெஷின் பக்கத்தில் அதே இடத்தில் தட்டு வைத்தோம். அவன் எங்களுக்கு முதுகு காட்டி, தலையைத் தட்டுக்குள் விட்டு, வழக்கம்போல் நாளைக்குச் சாப்பாடே கிடைக்காது என்கிற வேகத்தில் சாப்பிட ஆரம்பித்தான். மாமனார் எனக்குப் பின்னால் வாசற்படியில் நின்றார்.

ரப்பர் கை மெல்ல நகர்ந்தது. மூன்றடி. இரண்டடி.

தடியன் சாப்பிடுவதை நிறுத்தினான். தலையைத் தூக்கவில்லை. உடம்பு மட்டும் கட்டையாக விறைத்தது. அப்புறம் உறுமினான். அடிவயிற்றிலிருந்து வந்த உறுமல். மெஷின்மேல் இருந்த டம்ளர் கிணுகிணுத்தது. என் கையில் இருந்த வார் வழியாக அது என் தோள் வரைக்கும் வந்தது. மூன்று மாதமாக அவனோடு இருக்கும் எனக்கே ஓர் அடி பின்னால் போகத் தோன்றியது.

அப்போதுதான் பின்னாலிருந்து மாமனார் குரல் வந்தது.

"பாருங்க! பார்த்தீங்களா? நான் சொன்னேன்ல? ஒரு சத்தம் இல்ல! அன்னைக்கும் இப்படியேதான்!"

அவர் பேசிக்கொண்டிருக்கும்போதும் தடியன் உறுமிக்கொண்டேதான் இருந்தான்.

மேடம் கையைப் பின்னுக்கு இழுத்தார். உறுமல் நின்றது. தடியன் மறுபடி சாப்பிட ஆரம்பித்தான். மேடம் கோப்பைத் திறந்து குனிந்து எழுதிக்கொண்டே, "என்ன சார், விளையாடுறீங்களா?" என்று கேட்டார்.

மாமனார் பெருந்தன்மையாகத் தலையை ஆட்டினார். "ஆமாமா" என்றார்.

மேடத்துக்கு முகம் சிவந்துவிட்டது. என்னைத் தனியாக ஹாலுக்குக் கூப்பிட்டார். "பாருங்கம்மா, நாயைப் பிடிக்காத பெரியவங்க இப்படி எழுதிக் கொடுக்கிறது எங்களுக்குப் புதுசு இல்ல. வீட்டை விட்டு அனுப்பணும்னு பொய் சொல்லுவாங்க. ஆனா கடி வாங்கினவர் எழுதினதை நான் மாத்த முடியாது. அவரேதான் மாத்தணும். இல்லேன்னா இந்தக் காகிதம் அப்படியே போகும். போனா என்ன ஆகும்னு உங்களுக்கே தெரியும்."

பொய்யா? என் மாமனாரா? நல்லதோ கெட்டதோ, அந்த மனிதர் வாயில் பொய் வந்து நான் பார்த்ததில்லை.

பிறகுதான் எனக்கு உறைத்தது. எழுத்தை மாற்றிய பிறகும் பழையதையே ஒப்பித்த லாரி டிரைவர். முகத்தைப் பார்த்துப் பேசு. போன் எல்லாம் வீண் என்று மாமனார் தன் போனை எப்போதும் அணைத்தே வைத்திருப்பது. கேள்வி எதுவானாலும் "ஆமாமா" என்று சொல்லிவைப்பது. ஊரான் வீட்டு ஆளையெல்லாம் உட்காரவைத்துக் கண்டுபிடிக்கிற கெட்டிக்காரி நான். என் வீட்டு நாற்காலியிலேயே ஒருத்தர் ஒப்பித்துக்கொண்டிருந்திருக்கிறார்.

உடனே இன்னொன்றும் உறைத்தது. பதினாலு பிள்ளைகள்.

என்மேல் வெட்கம், அவர்மேல் கோபம், தடியனுக்காகப் பயம் எல்லாம் ஒரே நேரத்தில் வந்தது. "பத்து நிமிஷம் கொடுங்க மேடம்" என்றேன்.

*

மாமனார் பால்கனியில் கம்பியைப் பிடித்தபடி நின்றிருந்தார். கீழே அவர் வேன் நின்றது. நான் அவருக்குப் பின்னால் ஒரு கை தூரத்தில் நின்றேன். கூப்பிட்டேன். இன்னொரு முறை கூப்பிட்டேன். மூன்றாவது முறையும் கூப்பிட்டுவிட்டு, எதிரே போய் நின்றேன்.

"மாமா, பின்னாடி நின்னு மூணு தடவை கூப்பிட்டேன்."

அவர் கண் என் கண்ணில் இல்லை. என் உதட்டில் இருந்தது. இவ்வளவு நாளாக அங்கேதான் இருந்திருக்கிறது.

"ஏதோ யோசனைம்மா."

"வேன் டயர் பஞ்சர்னு சொன்னேன். அதுக்கும் நீங்க திரும்பலை."

அதை நான் சொல்லவில்லை. சும்மா அளந்துவிட்டேன். ஆனால் அவர் பதறிப்போய்க் கீழே வேனைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். நான் அழுதுவிடுவேன் போலிருந்தது, அது முகத்தில் தெரிந்திருக்க வேண்டும்.

"எத்தனை நாளா உனக்குத் தெரியும்?" என்றார்.

"அஞ்சு நிமிஷமா."

"நான் ரெண்டு வருஷமா மறைச்சேன்" என்றார். அதில் கொஞ்சம் பெருமைகூட இருந்தது. அந்த நிலைமையிலும் எனக்குச் சிரிப்பு வந்தது.

பிறகு சொன்னார். டாக்டரிடம் தனியாகவே போயிருக்கிறார். இவருக்கு வந்திருப்பது கொஞ்சம் அபூர்வமான வகை, இதில் கனமான சத்தம்தான் முதலில் போகும் என்றாராம் டாக்டர். "பிள்ளைங்க கீச்சுன்னு கத்துறது கொஞ்சம் கேக்கும். பின்னாடி லாரி வர்றது கேக்காது. காதுக்கு மெஷின் கொடுத்தாங்க. பீரோவுல துணிக்கு அடியில இருக்கு. காதுல மெஷினோட போய் வேன்ல உட்கார்ந்தா யாரும்மா பிள்ளைங்களை ஏத்தி விடுவா? வண்டி ஓட்டறதைத் தவிர எனக்கு என்ன தெரியும்?"

"மாமா..."

"இரு, சொல்லிடறேன். போன மாசம் சந்தியில ஆம்புலன்ஸ் பின்னாடி நின்னுருக்கு. எவ்வளவு நேரம் நின்னுதோ தெரியாது. கடைசி சீட்டுல உட்கார்ற பாப்பா எழுந்து வந்து என் தோளைத் தட்டினா. அன்னையிலேர்ந்து நான் சரியாத் தூங்கலை."

எனக்குக் கோபம் தலைக்கேறியது. ஆனால் எதிரே இவ்வளவு பயந்துபோய் நிற்கிற ஆளை என்னவென்று திட்டுவது?

"மாமா, தடியன் இப்போ உறுமினான்."

"இப்போவா?"

"நீங்க 'ஒரு சத்தம் இல்ல'ன்னு சொன்னீங்களே, அப்போ. டம்ளர் ஆடுச்சு. ரப்பர் கைக்கே அவ்வளவு நேரம் சொல்லிப் பார்த்தான். உங்ககிட்ட சொல்லாமலா இருந்திருப்பான்?"

அவர் கையில் இருந்த கட்டைத் தடவினார்.

"இன்னொன்னும் சொல்லணும். சொல்லக் கூடாதுன்னுதான் இருந்தேன். அவனுக்கு வேற வீடு கிடையாது மாமா. எச்சரிக்காம கடிச்சான்னு அந்தக் காகிதம் போனா ஊசி போட்டுடுவாங்க."

"என்ன ஊசி?" என்றார். பிறகு, என் முகத்திலிருந்தே புரிந்துகொண்டார். "கொன்னுடுவாங்களா? தடியனையா?"

"ஆமா."

"அடிப் பாவி, முன்னாடியே சொல்றதுக்கென்ன?" என்று கத்தினார்.

"நீங்க முன்னாடியே சொன்னீங்களா?" என்று நானும் கத்தினேன். மருமகளாக வந்த இத்தனை வருஷத்தில் அவரிடம் நான் குரல் உயர்த்தியது அதுதான் முதல் தடவை. கேட்டதோ இல்லையோ, பார்த்துவிட்டார்.

கொஞ்ச நேரம் கீழே வேனைப் பார்த்துக்கொண்டு நின்றார். "இது தெரிஞ்சா வேனை விடச் சொல்லுவே" என்றார்.

"சொல்லுவேன் மாமா. நாய் விஷயம் இல்லேன்னாலும் சொல்லுவேன். இன்னைக்கு மூணு மணிக்கே எடுக்கக் கூடாது."

தலையை ஆட்டினார். "ஆமாமா" என்று சொல்லவில்லை. என்னைத் தாண்டி உள்ளே போனார்.

*

மேடம் எழுந்து நின்றார். மாமனார் அவர் எதிரே இருந்த நாற்காலியில் உட்கார்ந்தார்.

"பழசை அடிச்சிடுங்கம்மா. புதுசா எழுதிக்குங்க. எனக்குக் காது கேக்காது. ரெண்டு வருஷமா கேக்காது. வீட்ல யாருக்கும் சொல்லலை. அன்னைக்கு நாய் சத்தம் போட்டிருந்தா அது எனக்குக் கேட்டிருக்காது. இப்போ போட்டதும் கேக்கலை. தட்டு பக்கத்துல குனியக் கூடாதுன்னு என் மருமக நூறு தடவை சொல்லியிருக்கா. குனிஞ்சது என் தப்பு. நாய்மேல தப்பு இல்ல."

மேடம் எழுதினார். எழுதி முடித்துப் பேனாவை மூடிவிட்டு, நாற்காலியை இழுத்து அவருக்கு நேரே போட்டு உட்கார்ந்தார்.

"சார், உங்களைப் பொய் சொல்றவர்னு நினைச்சுட்டேன். மன்னிச்சுக்குங்க" என்று நிறுத்தி நிதானமாகச் சொன்னார்.

"பொய்தான் சொன்னேன். நாய் விஷயத்துல இல்ல" என்றார் மாமனார்.

மேடம் என் பக்கம் திரும்பினார். "இவன் மாறிடுவான்னு நினைச்சு வளர்க்காதீங்கம்மா. இவன் பலசாலி, முன்கோபி, தட்டுக்குப் பக்கத்துல எப்பவும் இப்படித்தான் இருப்பான். சாப்பிடற இடத்துக்குத் தடுப்பு போடுங்க. வெளியே வாய்க்கூடு கட்டாயம். ஒரு மாசம் கழிச்சு வந்து பார்ப்பேன்."

"அப்படின்னா இவன்..."

"இங்கேயே இருக்கட்டும்."

அப்பாடா! அந்த இடத்திலேயே தரையில் உட்கார்ந்துவிட்டேன். தடியன் வந்து, நான் ஏதோ அவனுக்காகவே உட்கார்ந்த மாதிரி, நாற்பத்திரண்டு கிலோவையும் என் மடியில் இறக்கினான். அவன் கழுத்தைக் கட்டிக்கொண்டு ஒரு மூச்சு அழுதேன். கறாரான மேடம் கதவுப் பக்கம் திரும்பிக்கொண்டு பூட்ஸ் நாடாவைச் சரிசெய்தார். அது சரியாகத்தான் கட்டியிருந்தது.

அவர் போனதும் மாமனார் தன் போனை எடுத்து என்னிடம் நீட்டினார். "ஸ்கூல்ல வேன் பொறுப்பாளருக்குப் போடு. நான் சொல்றதை அப்படியே சொல்லு. உடம்பு சரியில்லைன்னு மழுப்பாதே."

மழுப்பவில்லை. அப்படியே சொன்னேன். எதிர்முனையில் அந்த ஆள் முதலில் மூன்று மணிக்கு வேறு டிரைவரை அனுப்புவதாகச் சொன்னார். பிறகு குரல் மாறியது. நிறையப் பேசினார். மாமனார் என் உதட்டையே பார்த்துக்கொண்டு நின்றார், நான் "சரி", "சரிங்க" என்பதைத் தவிர வேறு எதுவும் அதில் இல்லை.

"என்ன சொன்னாங்க?"

பாதியைச் சொல்லி மீதியை விழுங்கிவிடலாமா என்று ஒரு நொடி தோன்றியது. இந்த வீட்டில் விழுங்கினது போதும்.

"திங்கட்கிழமை பதினாலு பிள்ளைங்களோட அப்பா அம்மாவையும் கூப்பிடப் போறாங்களாம். ரெண்டு வருஷமா ஏன் மறைச்சீங்கன்னு அவங்க எதிர்ல நீங்களே வந்து சொல்லணுமாம். அந்த ஆம்புலன்ஸ் விஷயத்தை அந்தப் பாப்பா வீட்ல சொல்லியிருக்கா மாமா. அவங்க அப்பா ஏற்கெனவே எழுதிக் கொடுத்துட்டாராம்."

மாமனார் போனை வாங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். பிறகு, "திங்கட்கிழமைதானே? போறேன்" என்றார். அறைக்குள் போய்ப் படுத்தார். ஐந்து நிமிஷத்தில் குறட்டை விட்டார். ஒரு மாதமாக அந்தச் சத்தத்தை நான் கேட்கவில்லை என்பது அப்போதுதான் ஞாபகம் வந்தது.

*

என் வீட்டுக்காரர் இரண்டு மணிக்கு வந்தார். கையெல்லாம் கிரீஸ். வாசலிலேயே நின்று, உள்ளே எட்டிப் பார்த்து, "தடியன்?" என்றார்.

"இருக்கான்."

"அப்பா?"

"இருக்கார். உட்காருங்க. தண்ணி குடிங்க. அப்புறம் சொல்றேன்."

சொன்னேன். கேட்டுவிட்டுத் தண்ணி டம்ளரைக் கீழே வைத்தார். "நான் சின்ன வயசுலேர்ந்து அப்பா எதிர்ல நின்னு பேசிப் பழகினதால வித்தியாசமே தெரியலடி" என்றார். பிறகு கண்ணைத் துடைத்தார். முகமெல்லாம் கிரீஸ் ஆகிவிட்டது. இரண்டு பேரும் சிரித்தோம். காலையிலிருந்து அடக்கி வைத்திருந்த சிரிப்பெல்லாம் சேர்ந்து, நிறுத்த முடியாமல் வந்தது.

சாயங்காலம் மாமனார் பீரோவைத் திறந்தார். துணிக்கு அடியிலிருந்து ஒரு சின்ன டப்பா வந்தது. மகன் பக்கத்தில் உட்கார்ந்து, லிஃப்ட் போர்டைப் பார்க்கிற மாதிரி அந்தக் காது மெஷினைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, பேட்டரி போட்டு மாட்டிவிட்டார்.

மாமனார் திடுக்கிட்டு நிமிர்ந்தார். "இந்த ஃபேன் இப்படித்தான் கத்துமா?"

"ரெண்டு வருஷமா கத்துதுப்பா. நீங்க எதுவும் சொல்லலை, நாங்களும் விட்டுட்டோம்."

"கழட்டி எண்ணெய் விடுடா, சோம்பேறி" என்றார். என் வீட்டுக்காரர் திட்டு வாங்கி இவ்வளவு சந்தோஷப்பட்டு நான் பார்த்ததில்லை.

தடியனின் சாப்பாட்டு நேரம். துணி துவைக்கிற மெஷின் பக்கத்தில் குறுக்கே ஒரு பலகையை நிறுத்தி, இப்போதைக்குத் தடுப்பு கட்டியிருந்தோம். நான் தட்டை வைத்துவிட்டு வெளியே வந்தேன். மாமனார் எழுந்து வந்தார். தடுப்புக்கு இந்தப் பக்கம், கட்டுப் போட்ட கையை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு நின்றார். வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பலகை உறுதியாகத்தான் இருந்தது.

தடியன் சாப்பிடுவதை நிறுத்தினான். முதுகைக் காட்டியபடியே உறுமினான். நீளமாக, விட்டுவிட்டு, மறுபடி உறுமினான்.

மாமனார் காதில் கையை வைத்தார். மெஷின் சரியாக இருக்கிறதா என்று பார்த்தாரோ என்னவோ. கண்ணிலிருந்து பொலபொலவென்று கொட்டியது.

"இவ்வளவு சத்தமாவாம்மா சொன்னான் என்கிட்ட?"

நான் அவர் எதிரே போகவில்லை. பின்னால் நின்ற இடத்திலிருந்தே, "ஆமா மாமா" என்றேன்.

தலையை ஆட்டினார். "சரிடா, சரிடா. கேக்குது. நீ சாப்பிடு" என்று சொல்லிவிட்டு ஓர் அடி பின்னால் வந்தார்.

உறுமல் நின்றது.